பின்னால் உட்கார்ந்து குழு நடத்துகிறவர்கள்

சபா கச்சேரி நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் பாடுகிறவர் பெயர், கீழே வயலின், அதற்கும் கீழே மிருதங்கம், இடம் மிச்சமிருந்தால் கடமோ கஞ்சிராவோ. பாலக்காடு மணி ஐயரே வாசித்தாலும் அவர் பக்கவாத்தியம்தான். கோயில் பக்கம் போனால் நிலைமை கொஞ்சம் தேவலை, 'ஸ்பெஷல் தவில்' என்று தனியாகப் போட்டு அவருக்காகவே கூட்டம் சேரும், நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைப் பற்றி இன்றைக்கும் கதை கதையாகச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் குழு நாதஸ்வரக்காரருடையது. தாள வாத்தியம் வாசிக்கிறவரே ஆள் சேர்த்து, சம்பளம் கொடுத்து, மைக் பிடித்துப் பேசி, சில சமயம் இடத்தையும் தானே பிடித்து நிகழ்ச்சி நடத்துவதெல்லாம் நம் பக்கம் அபூர்வம். தாள வாத்தியக் கச்சேரி என்று ஒன்று உண்டு, தெரியும், ஆனால் அது ஒரு நாள் விசேஷம், பிழைப்பு அல்ல.

அமெரிக்காவின் ஜாஸ் இசையில் இது தனிப் பரம்பரை. டிரம்மர் பின்னால் உட்கார்ந்திருப்பார், மெட்டு அவரிடம் இருக்காது, முன்னால் நின்று டிரம்பெட் ஊதுகிறவன் மேல்தான் விளக்கு விழும், ஆனால் குழு அவருடையது, பெயரும் அவருடையது. இப்படி வாழ்ந்த சிலரைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். வெறும் ரசிகனாக மட்டும் அல்ல. நான் கொடைக்கானலில் டிரம்ஸ் வாசிக்கிறவன். சர்ச் கொயர், கல்யாண ரிசப்ஷன், டிசம்பரில் கேரல் ரவுண்டு, சீசனில் ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டால் பழைய சினிமாப் பாட்டு, இதுதான் வண்டி ஓட்டம். இப்போது நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சீசன் இல்லாத மாதங்களில் சின்னதாக ஜாஸ் மாலை என்று ஒன்று நடத்த ஆரம்பித்திருக்கிறோம், அதில் ஆள் கூட்டுவது, ஹால் பிடிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. அதனால் இந்தப் பெரிய ஆட்களின் கதையைப் படிக்கும்போது 'அன்றைக்கு இவர் யாருக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்' என்கிற கேள்வி கூடவே வருகிறது.

முதலில் சிக் வெப். பால்டிமோரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே முதுகெலும்பில் காசநோய் வந்து கூன் விழுந்துவிட்டது, வளர்த்தியும் நின்றுவிட்டது, நாலடியைக் கொஞ்சம் தாண்டின உயரம்தான். பேப்பர் போட்டுக் காசு சேர்த்து டிரம்ஸ் வாங்கினார் என்று சொல்வார்கள். நியூயார்க்குக்கு வந்து 1926 வாக்கில் சொந்தக் குழு ஆரம்பித்து, பல வருஷம் பட்டினியும் பாதி வேலையுமாக ஓட்டி, 1931லிருந்து ஹார்லெமில் சவாய் பால்ரூம் என்கிற நடன மண்டபத்தின் நிரந்தரக் குழுவாக உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்காரரும் கறுப்பினத்தவரும் ஒரே தரையில் ஆடலாம் என்றிருந்த இடம் அது, அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சின்ன விஷயம் இல்லை. அவருடைய பேஸ் டிரம், அதாவது காலால் பெடலை மிதித்து அடிக்கிற பெரிய டிரம், 28 அங்குலம், கால் எட்டுவதற்காகப் பெடலைத் தனியாகச் செய்து வைத்திருந்தார்கள். மேடையில் நடுவில் ஒரு உயரமான பலகை போட்டு அதன்மேல் செட்டை வைப்பார்கள், இல்லையென்றால் ஆளே தெரியமாட்டார்.

நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஆனால் ஒத்திகையில் ஒரு முறை கேட்டால் பன்னிரண்டு பதிமூன்று பேர் வாசிக்கிற பாகங்களையும் மனசில் ஏற்றிக்கொண்டு, யாராவது தப்பாக வாசித்தால் அந்த இடத்தை வாயால் பாடிக் காட்டித் திருத்துவாராம். எனக்குப் பிடித்தது இதுதான். சவாயில் இரண்டு மேடை உண்டு, இரண்டு குழுவை எதிரும் புதிருமாக உட்கார வைத்துப் போட்டி நடத்துவார்கள், நம் ஊர்த் திருவிழாவில் இரண்டு மேளத்தை எதிரெதிரே நிறுத்துகிற அதே வழக்கம். 1937 மே 11 அன்று நாட்டிலேயே பெரிய பெயராக இருந்த பென்னி குட்மனின் குழு வந்து மோதியது. உள்ளே ஆயிரக்கணக்கில் கூட்டம், இடம் கிடைக்காமல் வெளியே திரும்பிப் போனவர்களும் ஆயிரக்கணக்கில். குட்மனின் டிரம்மர் ஜீன் க்ரூப்பா, சினிமா நடிகர் மாதிரி இருப்பார், அன்றைக்கு அமெரிக்காவிலேயே பிரபலமான டிரம்மர். அவர் கடைசியில் எழுந்து நின்று சிக் வெப்பைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார்.

இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இரண்டு வருஷத்துக்கு முந்தைய விஷயம். 1935இல் ஒரு பெண்ணைக் குழுவில் பாட எடுக்கச் சொல்லி அவரிடம் கொண்டுவந்தார்கள். பெண்ணுக்கு வயசு இருபதுகூட ஆகவில்லை, அம்மா இல்லை, சரியான உடுப்பு இல்லை, தலை சீவின மாதிரியே இல்லை. மேடையில் நிறுத்துகிற பாடகி என்றால் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஒரு கணக்கு இருந்தது, வெப் அந்தக் கணக்குப்படி முதலில் வேண்டாம் என்றுதான் தயங்கினார். அப்புறம் யேல் பல்கலைக்கழக நடனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட வைத்துப் பார்க்கலாம், பையன்களுக்குப் பிடித்தால் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். பிடித்துவிட்டது. அந்தப் பெண்தான் பிற்பாடு உலகமெல்லாம் பெயர் வாங்கின பாடகி 'எல்லா' ஃபிட்ஸ்ஜெரால்ட். 1938இல் ஒரு குழந்தைப் பாட்டை எடுத்து அந்தப் பெண் பாடிப் பதிவு செய்ததுதான் வெப் குழுவின் மிகப் பெரிய ஹிட். அடுத்த வருஷம் ஜூன் 16 அன்று வெப் இறந்துபோனார், முப்பத்தி நாலு வயசு என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. அதற்குப் பிறகு குழு எல்லாவின் பெயரிலேயே சில வருஷம் ஓடியது. அவர் எல்லாவைத் தத்தெடுத்துக்கொண்டார் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது, அது உண்மை இல்லை. தத்தெடுக்கவெல்லாம் வேண்டாம், ஒரு பெண்ணுக்குத் தினமும் பாட மேடையும் பின்னால் நல்ல குழுவும் கொடுத்தார் என்பதே போதுமான விஷயம்.

இங்கே ஒரு சின்ன விலகல், மலைக்காரர்களுக்கு மட்டும் ருசிக்கும். அந்தக் காலத்து டிரம்ஸ் எல்லாம் கன்றுத் தோல். ஈரக் காற்று பட்டால் தோல் தொய்ந்து சத்தம் சப்பென்று ஆகிவிடும். பூம்பாறைத் தேர் சமயத்தில் பறை அடிக்கிறவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள், தை மாசத்து மலைக் குளிரில் அதைக் காய்ச்சாமல் அடித்தால் அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரிதான் கேட்கும். அமெரிக்கக்காரர்கள் அதையே வேறு விதமாகச் செய்தார்கள், பேஸ் டிரம்முக்குள்ளேயே ஒரு மின்சார பல்பை மாட்டி எரியவிட்டுவிடுவார்கள், அந்தச் சூட்டில் தோல் காய்ந்து விறைப்பாக இருக்கும். பழைய போட்டோக்களில் பேஸ் டிரம்மின் முன்பக்கம் படம் வரைந்து உள்ளே விளக்கு எரிகிற மாதிரி இருப்பது அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள், அழகும்தான், ஆனால் முதல் காரணம் ஈரம். 1957 வாக்கில் மைலார் என்கிற பிளாஸ்டிக் தகடு வந்தபிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. அது வராமல் இருந்திருந்தால் கொடைக்கானலில் ஜூலை மாதம் டிரம்ஸ் வாசிப்பது நடக்கிற காரியமா? தோல் பிரச்சினை போனது, ஆனால் சிம்பல் என்கிற உலோகத் தட்டு பச்சை பிடிப்பதும் ஸ்டாண்டு திருகுகள் துருப்பிடிப்பதும் இன்னும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், குளிருக்கு உறைந்துபோகும்.

சரி, ஆர்ட் பிளேக்கி. என்னைக் கேட்டால் இந்தப் பரம்பரையின் பெரிய ஆள் இவர்தான். 1919 அக்டோபர் 11இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், முதலில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு கிளப்பில் எரால் கார்னர் என்கிற இளைஞன் வந்து தன்னைவிட நூறு மடங்கு நன்றாகப் பியானோ வாசித்ததும், கிளப் முதலாளி துப்பாக்கியைக் காட்டி 'நீ போய் டிரம்ஸில் உட்கார்' என்று சொன்னதாக அவரே கதை சொல்வார். துப்பாக்கி நிஜமோ பொய்யோ, பியானோ போனது நிஜம். 1944இலிருந்து பில்லி எக்ஸ்டைனின் பெரிய குழுவில் வாசித்தார். ஜாஸின் போக்கையே மாற்றின சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அந்தக் குழுவில் இருந்தார்கள் என்றால் எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்று புரியும்.

1954 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப்பில் பதிவான ரெக்கார்டு ஒன்று இருக்கிறது, கிளிஃபோர்ட் பிரவுன் டிரம்பெட், ஹோரஸ் சில்வர் பியானோ. அதில் வாசிப்புக்கு நடுவே பிளேக்கி மைக்கில் பேசுவது பதிவாகியிருக்கிறது. தான் இளைஞர்களோடுதான் இருக்கப்போகிறேன், இவர்களுக்கு வயசாகிவிட்டால் வேறு இளசுகளைப் பிடிப்பேன், அதுதான் மூளையைச் சுறுசுறுப்பாக வைக்கும் என்கிற அர்த்தத்தில் சொல்கிறார். அப்போது அவருக்கே முப்பத்தி நாலு வயசுதான். மேடைப் பேச்சு என்று விட்டுவிடலாம், ஆனால் மனுஷன் 1990இல் சாகிறவரை, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல், சொன்னதை அப்படியே செய்தார். ஜாஸ் மெசஞ்சர்ஸ் என்கிற பெயரில் அவர் குழுவுக்குள் வந்து போனவர்கள் பட்டியலைப் பாருங்கள்: லீ மார்கன், வேய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பர்ட், கீத் ஜாரெட், விண்டன் மார்சாலிஸ், டெரன்ஸ் பிளான்சர்ட். ஒவ்வொருவரும் பிறகு சொந்தமாகக் குழு வைத்தார்கள். இருபது வயசுப் பையனைப் பிடித்து மேடையில் ஏற்றி, 'சொந்தமா ட்யூன் எழுதிக்கிட்டு வா' என்று சொல்லி, அதை ரெக்கார்டில் போட்டு, அவன் முதிர்ந்ததும் 'போ, போய் சொந்தமாக ஆரம்பி' என்று அனுப்பிவிடுவார்.

நான் இதை முதலில் பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது கணக்குப் பார்க்கிறவனாகப் பார்த்தால் அதில் நல்ல வியாபார புத்தியும் இருக்கிறது என்று தோன்றுகிறது. பிளேக்கி ட்யூன் எழுதுகிற ஆள் இல்லை. மெட்டு வாத்தியம் இல்லாதவர் குழு நடத்த வேண்டுமென்றால் மெட்டை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும், பெரிய பெயர்களை வைத்தால் சம்பளம் கட்டாது, எழுதத் துடிக்கிற இளைஞர்களிடம் சரக்கும் இருக்கும் பசியும் இருக்கும். சாக்ஸபோன்காரர் தலைவராக இருந்தால் தன்னைவிட நன்றாக ஊதுகிற இன்னொரு சாக்ஸபோனைப் பக்கத்தில் நிறுத்த மனசு வருமா? டிரம்மருக்கு அந்தச் சிக்கலே இல்லை. முன்வரிசையில் யார் ஜொலித்தாலும் அவருக்கு லாபம்.

வாசிக்கிற விதத்திலும் இது தெரியும். ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மில் இரண்டு குச்சியையும் அழுத்திப் பிடித்து எழுப்புகிற உறுமல் ஒன்று அவருடைய முத்திரை, சின்னதாக ஆரம்பித்து அலை மாதிரி எழும்பி அடுத்த சுற்றின் முதல் அடியில் வந்து உடையும். அதைச் சும்மா அலங்காரத்துக்குப் போடமாட்டார். சோலோ வாசிக்கிற பையன் இரண்டு மூன்று சுற்று நன்றாகப் போய்விட்டு அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்றால், அப்போது அந்த உறுமல் கீழிருந்து வரும், அவன் மேலே ஏறியே ஆக வேண்டும், இல்லையென்றால் வழிவிட வேண்டும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கிற மாமா ஒருத்தர் இருப்பாரே, தான் சாப்பிடாமல் எந்த இலையில் எது தீர்ந்துபோச்சு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருகிறவர், அந்தக் கண்தான் பிளேக்கிக்குக் காது.

1958இல் குழு கொஞ்சம் சிதறிக் கிடந்தபோது பென்னி கோல்சன் என்கிற சாக்ஸபோன்காரர் உள்ளே வந்தார். வந்தவர் ஊதியதோடு நிற்கவில்லை, தன் ஊரான ஃபிலடெல்ஃபியாவிலிருந்து லீ மார்கன், பாபி டிம்மன்ஸ், ஜிமி மெரிட் என்று ஆளாகக் கொண்டுவந்து குழுவையே மாற்றிக் கட்டினார். பிளேக்கிக்காகவே ராணுவ நடை மாதிரி ஒரு ப்ளூஸ் எழுதினார், ஜாஸில் மார்ச் வாசிப்பதா என்று முதலில் சிரிப்பாகத்தான் இருந்திருக்கிறது, ஆனால் மேடையில் போட்டதும் ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். அக்டோபர் 30 அன்று ப்ளூ நோட் கம்பெனிக்காக அதோடு சேர்த்துப் பதிவான 'மோனின்' என்கிற ரெக்கார்டுதான் இன்றைக்கும் பிளேக்கியை ஆரம்பிக்க நல்ல இடம். அதன் முதல் ட்யூனில் பாபி டிம்மன்ஸ் பியானோவில் ஒரு கேள்வி கேட்பார், ஊதுகிறவர்கள் இருவரும் 'ஆமென்' என்பது மாதிரி பதில் சொல்வார்கள், சர்ச்சில் வளர்ந்த எவனுக்கும் அது உடனே பிடிபடும். எங்கள் கொயரில் ஆல்ட்டோ பாடுகிற அக்காவுக்கு ஜாஸ் என்றாலே ஆகாது, இதைப் போட்டுக் காட்டினேன், 'இது நம்ம ஜெபக் கூட்டம் மாதிரியே இருக்கேடா' என்றார்.

இந்தக் கதையில் நான் கவனிப்பது, தலைவரே எல்லாம் செய்யவில்லை என்பது. கோல்சன் கைக்கு நிர்வாகத்தைக் கொடுத்தார், அவர் போனபிறகு வேய்ன் ஷார்ட்டர் கைக்கு. டிரம்மர் தலைவருக்கு இசை நிர்வாகி என்று ஒருவர் வேண்டும், அவரை நம்பி விட வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு பயணம் இருக்கிறது, இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் பிறகு அந்தக் குழுவை நடத்துகிறவராகவும் நின்றார். தாளக்காரர் கைக்குக் கோல் போவது இங்கேயும் நடந்திருக்கிறது, அதைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும். பிளேக்கியைப் புனிதராக்கவும் வேண்டாம். ஹெராயின் பழக்கம் நெடுங்காலம் இருந்தது, கடைசிக் காலத்தில் காதும் மந்தமாகிவிட்டது, ஆனாலும் குழு ஓடியது.

நிகழ்ச்சி நடத்துகிற பக்கத்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குச் சொந்தக் கவலை.

மாக்ஸ் ரோச் என்கிற டிரம்மர் இருந்தார். 1952இலேயே பேஸ் என்கிற ஆள் உயரத் தந்தி வாத்தியம் வாசிக்கிற சார்லஸ் மிங்கஸோடு சேர்ந்து சொந்த ரெக்கார்டு கம்பெனி ஆரம்பித்தவர். 1960 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழா பெரும் வியாபாரமாகிவிட்டது, காசு பிரிக்கிற விதமும் சரியில்லை என்று கோபப்பட்டு, இருவரும் அதே ஊரில் அதே நாட்களில் கிளிஃப் வாக் மேனர் என்கிற ஹோட்டல் தோட்டத்தில் போட்டி விழா வைத்தார்கள். ஓர்னெட் கோல்மன், கோல்மன் ஹாக்கின்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ் எல்லாம் வாசித்தார்கள். இதில் அழகு என்னவென்றால் கூடாரம் அடித்தது, நாற்காலி போட்டது எல்லாம் வாசிக்கிறவர்களேதான், ராத்திரி அந்தக் கூடாரத்திலேயே படுத்துக்கொண்டார்கள், கூட்டத்துக்குள் போய்க் காசு வசூலித்ததும் அவர்களேதான். அந்தப் பக்கம் பெரிய விழாவில் குடித்துவிட்டு வந்த கூட்டம் கலவரம் பண்ணி, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி, விழாவே பாதியில் நின்றுபோனது. இவர்களுடைய சின்ன விழா நடந்தது. பெரிய பணம் வந்திருக்காது, தெரிந்ததுதான். ஆனால் யார் வாசிக்க வேண்டும், எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்பதை வாசிக்கிறவர்களே முடிவு செய்தார்கள்.

இதைவிட நிதானமான ஆள் ஷெல்லி மேன், மேற்குக் கடற்கரைக்காரர். அப்பாவும் டிரம்மர். பகலில் ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் சினிமாப் படங்களுக்கு வாசித்து நல்ல சம்பாத்தியம். 1955இல் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா ஒரு படத்தில் டிரம்மராக நடித்தபோது அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். 1960இல் ஹாலிவுட்டிலேயே தன் பெயரை வைத்தே ஒரு கிளப் திறந்தார். வார இறுதியில் தன் குழு, மற்ற நாளில் பில் எவன்ஸ் மாதிரி வெளி ஆட்கள். ஸ்டுடியோ வருமானம் வீட்டுக்கு, கிளப் ஆசைக்கு. பன்னிரண்டு வருஷம் அந்த இடத்தில் நடத்தினார். பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருந்தது, கிளப் சத்தம் சுவர் தாண்டி அவர்களுடைய பதிவுக்குள் போகிறது என்று தகராறு வந்து 1972இல் இடம் போய்விட்டது. வாழ்நாள் பூராவும் ஸ்டுடியோவில் சோறு சாப்பிட்ட டிரம்மரின் கிளப்பை ஒரு ஸ்டுடியோவே மூட வைத்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது.

அரசாங்கத் தொல்லையும் அவர்களுக்குக் குறைவாக இல்லை. நியூயார்க்கில் கிளப்பில் வாசிக்க வேண்டுமென்றால் போலீஸ் கொடுக்கிற அட்டை வேண்டும், 1967 வரை இந்தச் சட்டம் இருந்தது, தெலோனியஸ் மங்க் என்கிற பெரிய பியானோக்காரர் அந்த அட்டையைப் பறிகொடுத்துப் பல வருஷம் சொந்த ஊர் கிளப்களில் வாசிக்க முடியாமல் இருந்தார். 1944இல் ஆட்டமோ பாட்டோ இருக்கிற இடங்களுக்கு முப்பது சதவீத வரி போட்டார்கள், அந்த வருஷமே இருபதாகக் குறைத்தாலும் அடி விழுந்தது விழுந்ததுதான். ஆடாமல் உட்கார்ந்து கேட்டால், பாடாமல் வெறும் வாத்தியமாக வாசித்தால் வரி இல்லை. சவாய் மாதிரி ஆடுகிற மண்டபங்களும் பதினைந்து பேர் குழுக்களும் தேய்ந்து, ஐந்து பேர் வாசிக்க ஐம்பது பேர் உட்கார்ந்து கேட்கிற சின்ன கிளப்கள் வந்ததற்கு யுத்தம் உட்பட வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்த வரியும் ஒன்று.

எங்களுக்கு வரித் தொல்லை இல்லை, வேறு தொல்லைகள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி, ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. கொடைக்கானலில் பத்து மணி வரை யார் முழித்திருக்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம், ஏழரைக்கே மூஞ்சிக்கல் கடைகள் ஷட்டரை இழுத்துவிடும், பண்ணைக்காடு பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்த்து மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பித்து ஏழுக்கு முடிக்கிறோம். ஜாஸ் என்றாலே நடுராத்திரி, புகை, மங்கல் விளக்கு என்று நினைத்து வருகிறவர்களுக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சுண்டலும் டீயுமாகக் கேட்பது முதலில் ஒரு மாதிரி இருக்கிறது. புகைக்குப் பதில் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வரும், அதுவே போதும்.

2024 மே 7லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். எங்களோடு பேஸ் வாசிக்க மதுரையிலிருந்து ஒரு தம்பி வருவான், சென்னையிலிருந்து எப்போதாவது ஒரு பியானோக்காரர். அவர்களுக்கு இ-பாஸ் எடுத்துக் கொடுப்பதும் நிகழ்ச்சி நடத்துகிறவன் வேலைதான். பேஸ் தம்பியிடம் ஆள் உயர டபுள் பேஸ் ஒன்று இருக்கிறது, வத்தலக்குண்டு மலைப்பாதை வளைவுகளில் அதைக் காரின் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு வருவதற்கு அவன் அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டார், 'வாத்தியம் படுத்துக்கிட்டு வரும், நீ எங்கே உட்காருவே' என்று கேட்பார். பேஸ் கிதார்தான் வரும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே விற்கவோ கொடுக்கவோ கூடாது, எனவே எவர்சில்வர் டிரம்மும் டம்ளரும் கொண்டுபோய் வைக்க வேண்டும். டிக்கெட் போடுவதில்லை, வாசலில் ஒரு பெட்டி வைக்கிறோம். ஹால் வாடகையும் சவுண்ட் செட்டும் சாப்பாடும் பெட்டியிலிருந்தே வந்துவிடும், அதற்குமேல் இருப்பதை வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தை உள்ளூர்க்காரர்கள் பிரித்துக்கொள்கிறோம். மாக்ஸ் ரோச் கூட்டத்துக்குள் போய் வசூலித்ததைப் படித்தபிறகு எனக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வெட்கமே இல்லை.

சவுண்ட் செட்காரரோடு ஒரே ஒரு சண்டைதான் எப்போதும். அவர் கோயில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போட்டுப் பழகினவர், எதற்கும் எக்கோ வைப்பார். பிரஷ்ஷால் ஸ்நேரைத் தடவுகிற மெல்லிய சத்தத்துக்கு எக்கோ வைத்தால் யாரோ பாத்ரூம் கழுவுகிற மாதிரி கேட்கிறது. 'அண்ணே, டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம்' என்றால், 'அப்ப எனக்கு எதுக்குப்பா காசு குடுக்கிறே' என்கிறார். நியாயமான கேள்வி.

எங்கள் டிரம்பெட் அண்ணன் ரிட்டயர் ஆன ராணுவ பேண்ட்காரர். நோட்டைக் கண்ணாடி மாதிரி படிப்பார், சுருதி இம்மி பிசகாது, ஆனால் சோலோ என்று விட்டால் எழுதி வைத்ததைத்தான் வாசிப்பார். அவருக்கு முன்வரிசையில் தான் மட்டும் நிற்க வேண்டும். இப்போது நாயுடுபுரத்துப் பையன் ஒருவன், காலேஜில் படிக்கிறான், போனில் வீடியோ பார்த்தே சாக்ஸபோன் கற்றுக்கொண்டவன், சுருதி அங்கே இங்கே ஓடும், ஆனால் தைரியம் இருக்கிறது, விட்டால் எங்கேயோ போய்விட்டு எப்படியோ திரும்பி வருகிறான். அவனைச் சேர்க்கலாம் என்றேன். 'தம்பி, அவனுக்கு ஸ்கேலே சரியா வரலை' என்கிறார் அண்ணன். உண்மைதான். அவனைச் சொந்தமாக ஒரு ட்யூன் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், அதை நோட்டு போட்டு ஒழுங்குபடுத்துகிற பொறுப்பை அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். போன வாரம் பையன் வீட்டுக்கே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஸ்கேல் பழக்கிவிட்டு வந்தாராம், என்னிடம் சொல்லவில்லை, பையன்தான் சொன்னான்.

ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழா முடிந்து கூட்டம் இறங்கினபிறகு ஹால் கிடைக்கும், அப்போது அடுத்த மாலை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள், பாட்டில் வேண்டாம், டம்ளர் நாங்கள் வைத்திருக்கிறோம்.